ஒரு நோயாளிக்கு 50 டாலர்: மின்னணுப் பதிவுகளை வைத்து நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு உண்மையில் யார் செலவு செய்கிறார்கள்?

ஒரு புதிய மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிக்க நடத்தும் பெரிய சோதனைக்கு எவ்வளவு செலவாகும்? அமெரிக்காவில் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அனுமதி பெற்ற 59 புதிய மருந்துகளின் முக்கியச் சோதனைகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். இடைநிலை அளவாக ஒரு சோதனைக்கு 1.9 கோடி டாலர் என்று வந்தது. அதாவது பாதிச் சோதனைகளுக்கு இதைவிட அதிகம், மீதிப் பாதிக்கு இதைவிடக் குறைவு. ஒரு நோயாளிக்கு என்று பார்த்தால் 41,000 டாலருக்குச் சற்று மேல்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2013இல் சுவீடன் தலைமையில் 7,244 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்த ஒரு சோதனையின் முடிவு வெளியானது. அதற்குக் கூடுதலாக ஆன செலவு மொத்தமே சுமார் 3 லட்சம் டாலர். ஒரு நோயாளிக்கு 50 டாலர்கூட ஆகவில்லை.

இரண்டு எண்களும் உண்மைதான். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து, 'மருத்துவமனைகளைக் கணினிமயமாக்கினால் சோதனைச் செலவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்' என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். சுவீடன் சோதனை மலிவாக முடிந்ததற்குக் காரணம், பெரும் செலவு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வேறு ஒருவர் பையிலிருந்து போய்விட்டது என்பதுதான். அது எப்படி என்று புரிந்துகொள்ள, வழக்கமான சோதனையில் பணம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

ஒரு மருந்துச் சோதனையின் எலும்புக்கூடு எளிமையானது. தகுதியுள்ள நோயாளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுடைய ஒப்புதல் பெற வேண்டும். குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்குப் புதிய சிகிச்சை, மற்றொன்றுக்கு வழக்கமான சிகிச்சை. பிறகு யாருக்கு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். குலுக்கலுக்குக் காசே ஆகாது. கணினி ஒரு நொடியில் செய்துவிடும். செலவெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

ஒரு மருத்துவமனையில் சோதனைக்கென்று ஒரு செவிலியர் நியமிக்கப்படுகிறார். நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் எடை, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் கேட்டு, மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் ஒருமுறையும், சோதனைக்கான தனிப் படிவத்தில் இன்னொரு முறையும் எழுதுகிறார். சில வாரங்கள் கழித்துச் சோதனையை நடத்தும் நிறுவனம் ஒரு கண்காணிப்பாளரை அனுப்புகிறது. அவர் விமானமேறி வந்து, இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறார். படிவத்தில் இரத்த அழுத்தம் 130/80; கேஸ் ஷீட்டில் 138/80. உடனே ஒரு விளக்கக் கேள்வி எழுப்பப்படும். செவிலியர் பதில் எழுத வேண்டும், மருத்துவர் கையெழுத்திட வேண்டும், திருத்தம் தேதியோடு பதிவாக வேண்டும். ஒரு இலக்கத்துக்கு இவ்வளவு. சோதனையில் ஐந்தாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான இலக்கங்கள்.

பெரிய சோதனைகளின் செலவில் கால் பங்குவரை இந்த நேரடிக் கண்காணிப்புக்கே போவதாக மதிப்பீடுகள் உண்டு. இத்தனைக்கும் இப்படிக் கண்டுபிடிக்கப்படும் பிழைகளில் பெரும்பாலானவை சோதனையின் முடிவைத் துளியும் மாற்றுவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2013இல், எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு சரிபார்க்கத் தேவையில்லை, ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கவனம் செலுத்துங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

இங்கேதான் மின்னணு மருத்துவப் பதிவு வருகிறது. நோயாளியின் நோய், மருந்து, பரிசோதனை முடிவு, மருத்துவமனையில் சேர்ந்த நாள், வீடு திரும்பிய நாள் எல்லாம் அன்றாடச் சிகிச்சைக்காக ஏற்கெனவே கணினியில் ஏறியிருக்கின்றன. அதையே சோதனைக்கும் எடுத்துக்கொண்டால் இரண்டாம் முறை எழுத வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டாம். நோயாளி சோதனைக்காக மட்டும் தனியாக வந்துபோக வேண்டாம். தகுதியானவர்களைத் தேடுவதும் எளிது: 'சர்க்கரை நோய் உண்டு, வயது ஐம்பதுக்கு மேல், இந்த மருந்து எடுக்காதவர்' என்று கேட்டால் பட்டியல் வந்துவிடும்.

சுவீடன் மருத்துவர் என்ன செய்தார்?

அந்த 50 டாலர் சோதனையின் பெயர் டேஸ்ட். மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது, ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால், இதயக் குழாயை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா என்பது கேள்வி. கூடும் என்றுதான் பலர் நம்பினார்கள். நெதர்லாந்தில் ஒரே மருத்துவமனையில் 1,071 பேரை வைத்து நடந்த சோதனை 2008இல் அப்படித்தான் சொன்னது.

சுவீடனில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனைகளெல்லாம் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏற்றுகின்றன. ஸ்வீட்ஹார்ட் என்ற இதயநோய்ப் பதிவேட்டின் ஒரு பகுதி அது. சோதனை நடத்தியவர்கள் அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே ஒரு சிறு பகுதியைச் சேர்த்தார்கள். மருத்துவர் எப்படியும் நிரப்பவேண்டிய திரையிலேயே, இந்த நோயாளி சோதனைக்குத் தகுதியானவரா என்ற கேள்வி வரும். மேசையில் படுத்திருக்கும் நோயாளியிடம் விளக்கி வாய்மொழியாக ஒப்புதல் வாங்குவார்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் 24 மணி நேரத்துக்குள். பொத்தானை அழுத்தினால் 'உறிஞ்சு' அல்லது 'உறிஞ்ச வேண்டாம்' என்று குலுக்கல் முடிவு வரும். அவ்வளவுதான். வேறு படிவம் இல்லை, மறுவருகை இல்லை.

முப்பது நாளில் யார் இறந்தார்கள் என்பதை யாரும் வீடுவீடாகப் போய்க் கேட்கவில்லை. சுவீடனில் 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. பிறப்பு, இறப்பு, மருத்துவமனை, மருந்துக் கடை எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. மக்கள்தொகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கணக்கிலிருந்து விடுபடவில்லை. முடிவு: உறிஞ்சிய குழுவில் 2.8 சதவிகிதம் பேர் இறந்தார்கள், உறிஞ்சாத குழுவில் 3.0 சதவிகிதம் பேர். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த இன்னொரு பன்னாட்டுச் சோதனையும் பயனில்லை என்றே சொன்னது. அதோடு, உறிஞ்சிய குழுவில் பக்கவாதம் சற்றுக் கூடியதையும் காட்டியது. பல நாடுகளில் வழக்கமாகிக்கொண்டிருந்த ஒரு சிகிச்சை பின்வாங்கியது.

இந்தச் சோதனையின் இன்னொரு அருமை எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மையங்களுக்கு இத்தகைய மாரடைப்போடு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 60 சதவிகிதம் பேர் சோதனைக்குள் வந்துவிட்டார்கள். வழக்கமான சோதனைகளில் வடிகட்டித் தேர்ந்தெடுத்த ஒரு சிறு கூட்டம்தான் இருக்கும். வயதானவர்களும் பல நோய்கள் உள்ளவர்களும் வெளியே நிற்பார்கள். மருந்து கடைசியில் அவர்களுக்குத்தான் தரப்படும்.

50 டாலரில் சேராதவை

பஸ் டிக்கெட் விலையில் சாலை போட்ட செலவு தெரிவதில்லை. சுவீடன் சோதனையின் கணக்கும் அப்படித்தான். இதயப் பதிவேடுகளின் வேர் 1990களில் இருக்கிறது. 2009இல் அவற்றை ஒன்றாக்கினார்கள். இத்தனை ஆண்டுகளும் அதைப் பராமரித்தது மக்கள் வரிப்பணம். ஒவ்வொரு ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகும் விவரங்களைப் பொறுமையாக நிரப்பியது மருத்துவர்களின் நேரம். 3 லட்சம் டாலர் என்பது இவற்றுக்கெல்லாம் மேல் சோதனைக்காகக் கூடுதலாக ஆனது மட்டும்.

இங்கிலாந்தின் ரெக்கவரி சோதனையும் இதே கதைதான். 2020 மார்ச்சில், சோதனைத் திட்டத்தின் முதல் வரைவு எழுதத் தொடங்கிய ஒன்பதே நாளில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். தொடக்க நிதி 21 லட்சம் பவுண்டு. ஜூன் 16ஆம் தேதிக்குள் 11,500க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகள் சேர்ந்திருந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து உயிர் காக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 41.4 சதவிகிதம் பேர் இறக்க, மருந்து பெற்ற குழுவில் 29.3 சதவிகிதம் பேர் இறந்தார்கள். மருத்துவமனை நிரப்பவேண்டிய படிவம் மிகச் சிறியது. மீதித் தகவல்கள் தேசிய சுகாதாரச் சேவையின் பதிவுகளிலிருந்து வந்தன.

21 லட்சம் பவுண்டில் இவ்வளவு என்பது வியப்புத்தான். ஆனால் 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சேர்த்த ஆராய்ச்சிச் செவிலியர்களின் சம்பளம் அந்தத் தொகையில் இல்லை. அவர்களை அரசு ஏற்கெனவே வேலையில் வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் நாடு முழுவதும் செல்லும் ஒரு தனிச் சுகாதார எண் இருந்தது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி, நோயாளித் தகவல்களைப் பகிர்வதற்குச் சிறப்பு அரசாணையும் வந்தது. சாதாரண நாட்களில் ஓர் ஆய்வுக்குழு அதே தகவலுக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறது.

புதிதாக வரும் செலவுகள்

பழைய செலவுகள் சில போகின்றன. அவற்றின் இடத்தில் வேறு சில வருகின்றன. அவற்றை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

முதலில், தகவலைச் சுத்தம் செய்யும் செலவு. மருத்துவமனைப் பதிவு ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டதில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஒரு மருத்துவமனையில் 1.2 என்று இருக்கும், இன்னொன்றில் 106 என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான், அலகு வேறு. இதைக் கவனிக்காமல் சேர்த்தால் பாதிப்பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகிவிடும். புகைபிடிப்பவரா என்ற விவரம் ஒரு மென்பொருளில் தனிக் கட்டத்தில் இருக்கும். இன்னொன்றில் மருத்துவர் எழுதிய குறிப்புக்குள் புதைந்திருக்கும். இவற்றை ஒழுங்குபடுத்தத் தகவல் பொறியாளர்களும் மருத்துவம் தெரிந்த புள்ளியியலாளர்களும் வேண்டும். கண்காணிப்பாளரின் விமான டிக்கெட் மிச்சமாகிறது. அந்தப் பணம் இவர்கள் சம்பளமாகப் போகிறது.

அடுத்தது, நோய்க் குறியீடுகள். மாரடைப்புக்கு ஐ21 என்ற பன்னாட்டுக் குறியீடு உண்டு. பல நாடுகளில் அந்தக் குறியீட்டை இடுவது கட்டணம் வசூலிப்பதற்காக. மாரடைப்போ என்ற சந்தேகத்தில் சேர்த்து, இல்லை என்று தெரிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் சில நேரம் அது ஒட்டிக்கொள்ளும். உண்மையான மாரடைப்பு வேறு பெயரில் பதிவாவதும் உண்டு.

இது செலவோடு எப்படிச் சேர்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு. இரு குழுக்களிலும் தலா 10,000 பேர். மருந்து பெறாதவர்களில் 100 பேருக்கும் பெற்றவர்களில் 80 பேருக்கும் மாரடைப்பு வருகிறது. பதிவுகள் அதில் பாதியை மட்டுமே பிடித்தால் நம் கண்ணுக்கு 50, 40 என்றுதான் தெரியும். விகிதம் மாறவில்லை, ஆனால் இவ்வளவு சிறிய எண்களில் அந்த வேறுபாடு தற்செயலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே உறுதி வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டு மடங்கு நோயாளிகள் வேண்டும். மாறாக, ஒவ்வொரு குழுவிலும் 50 பொய் மாரடைப்புகள் கூடினால் 150, 130 என்று தெரியும். 20 சதவிகிதப் பயன் 13 சதவிகிதமாக இளைத்துவிடும். ஒன்றரை மடங்கு நோயாளிகள் தேவைப்படும். தகவலின் தரம் குறைந்தால், ஒரு நோயாளிக்கு ஆகும் செலவில் மிச்சம் பிடித்ததை நோயாளிகளின் எண்ணிக்கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அனுமதி. தகவலை வைத்திருக்கும் அமைப்புகள் கட்டணம் வாங்குகின்றன. அதைவிடக் கனமானது காத்திருப்பு: விண்ணப்பம், நெறிமுறைக் குழு, தனியுரிமைச் சோதனை, ஒப்பந்தம். காத்திருக்கும் மாதங்களிலும் ஆய்வுக்குழுவுக்குச் சம்பளம் உண்டு. 2013 முதல் 2018 வரையான காலத்தை ஆராய்ந்தவர்கள், இங்கிலாந்தின் சோதனைகளில் சுமார் 3 சதவிகிதம் மட்டுமே இத்தகைய அன்றாடப் பதிவுகளைப் பெற்றன என்று கண்டார்கள். ஒரே எண்ணும் ஒரே சுகாதாரச் சேவையும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. அதற்காக அனுமதி முறையைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நோயாளித் தகவல்களைத் திரட்டும் கேர்.டேட்டா திட்டத்தை இங்கிலாந்து 2016இல் கைவிட நேர்ந்தது, மக்களின் நம்பிக்கையைப் பெறத் தவறியதால். நம்பிக்கையைச் சம்பாதிப்பதும் செலவுதான், அதைத் தவிர்க்க முடியாது.

மலிவாகாத சோதனைகள்

கேள்வி எதுவோ அதைப் பொறுத்தே மிச்சம் இருக்கிறது. மான்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில் ஒரு மருந்து நிறுவனம் தன் புதிய இன்ஹேலரை அன்றாட வாழ்க்கைச் சூழலில் சோதித்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 2,802 பேர் அதில் இருந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. குடும்ப மருத்துவர், மருத்துவமனை இரண்டு பக்கப் பதிவுகளும் இணைக்கப்பட்ட பகுதி என்பதால்தான் சால்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சோதனை தொடங்கியபோது மருந்து அனுமதி பெற்றிருக்கவில்லை. ஆகவே பக்கவிளைவு எது வந்தாலும் உடனுக்குடன் தெரியவேண்டும். பதிவுகளை இடைவிடாமல் கண்காணிக்கும் ஏற்பாடு வேண்டும். சுமார் 80 குடும்ப மருத்துவமனைகளுக்கும் 130 மருந்துக் கடைகளுக்கும் ஆராய்ச்சி விதிகளில் பயிற்சி தரவேண்டியிருந்தது. மின்னணுப் பதிவு இருந்தும் இது பெருஞ்செலவுள்ள முயற்சியாகவே இருந்தது.

அமெரிக்காவின் அடாப்டபிள் சோதனை வேறு வகைச் சிக்கலைக் காட்டியது. இதய நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் 81 மில்லிகிராம் போதுமா, 325 வேண்டுமா என்பது கேள்வி. 15,076 பேர், இணையதளம் வழியாகவே ஒப்புதலும் குலுக்கலும். 2021இல் வந்த முடிவில் இரண்டு அளவுகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 325 தரப்பட்டவர்களில் 41.6 சதவிகிதம் பேர் தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ வேறு அளவுக்கு மாறிவிட்டார்கள். ஆஸ்பிரினை அங்கே சீட்டில்லாமல் கடையில் வாங்கலாம். என்ன விழுங்குகிறார் என்பது மருத்துவப் பதிவுக்குத் தெரியாது, அவரையே கேட்க வேண்டும். சுவீடனைப் போல் ஒரே எண் இல்லாததால், வேறு ஊர் மருத்துவமனையில் சேர்ந்தவரைக் கண்டுபிடிக்கக் காப்பீட்டுக் கணக்குகளையும் இணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனி ஒப்பந்தம்.

ஆகவே மின்னணுப் பதிவு எங்கே பொருந்தும் என்பது தெளிவு. சிகிச்சைகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க வேண்டும். விளைவு மரணம் போலவோ மருத்துவமனையில் சேர்வது போலவோ ஐயமில்லாததாக இருக்க வேண்டும். வலி, களைப்பு, நினைவாற்றல் போன்றவற்றைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது.

இந்த எல்லைக்குள் விடையில்லாமல் கிடக்கும் கேள்விகள் ஏராளம். மாரடைப்பு வந்தவருக்கு ஆக்சிஜன் முகமூடி வைப்பது நூறாண்டுப் பழக்கம். உடலில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கும் அது தேவையா? காப்புரிமை இல்லாத ஆக்சிஜனைச் சோதிக்க எந்த நிறுவனமும் கோடிகளைக் கொட்டாது. சுவீடன் அதே பதிவேட்டில் 6,629 பேரை வைத்துப் பார்த்தது. ஓராண்டில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 5.0 சதவிகிதம், பெறாதவர்களில் 5.1 சதவிகிதம் மரணம். 2017இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, தேவையில்லாதவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் வழக்கத்துக்கு ஆதாரமே இல்லாமல் போனது. லாபம் தராத கேள்விகளைக் கேட்க முடிவதுதான், டாலர் மிச்சத்தைவிட, இந்த முறையின் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டில்

இந்தியாவில் 2021 செப்டம்பரில் தேசிய அளவில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண் தருகிறது. சுவீடன் 1947இல் தொடங்கிய வேலையின் முதல் படி இதுதான். எண் கிடைத்தால் மட்டும் போதாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, தெருமுனை கிளினிக், பரிசோதனைக் கூடம் எல்லாம் அந்த எண்ணில் பதிய வேண்டும். இறப்பும் அதில் வந்து சேர வேண்டும். நாட்டில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளிப்பவை இன்னும் கால்வாசிக்கும் குறைவு. ஒருவர் மாரடைப்பால் இறந்தாரா வேறு எதனாலா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாத இடத்தில், அதைச் சோதனைக்குழுதான் விசாரிக்க வேண்டும். முப்பதாவது நாளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசி செய்ய ஓர் ஊழியர் வேண்டும். எண் மாறியிருந்தால் வீடு தேடிப் போக இன்னொருவர். டேஸ்ட் சோதனையை அப்படியே இங்கே நடத்தினால், செலவுப் பட்டியலின் முதல் வரியில் இவர்களுடைய சம்பளமும் பயணப்படியும்தான் இருக்கும்.